நுனியும் கணுவும்

அன்புள்ள ஆசிரியருக்கு,

சிறு வயதில் டிவியில் இணைத்து விளையாடிய பழைய குதித்துத் தாண்டும் வீடியோ கேம் ஒன்று கைபேசிக்கு வந்திருப்பதைப் பார்த்து, ஆசையோடு காசு கொடுத்து வாங்கினேன். அன்று கண்ணை மூடிக்கொண்டு தாண்டிய பள்ளத்தில் இன்று பதினோரு முறை விழுந்தேன். என் பத்து வயது மகள் கைபேசியை மேசைமேல் கிடத்தி, ஆர்மோனியம் வாசிப்பதுபோல் விரல்களால் தட்டி அதே பள்ளத்தைத் தாண்டிவிடுகிறாள். ஒழுங்காகக் கையில் பிடித்து விளையாடு என்று அவளை அதட்டினேன். எனக்கு வயதாகிவிட்டதா? அது போகட்டும், முப்பது ஆண்டுப் பழைய சரக்குக்கு விலை வைப்பது பகல் கொள்ளை அல்லவா? விளம்பரத்தோடு இலவசமாகவே எத்தனையோ கிடைக்கின்றன. கோபத்தில் ஒற்றை நட்சத்திரம் கொடுத்துவிட்டேன். பணம் கொடுத்து வாங்கத் தகுந்த பழைய விளையாட்டு ஏதேனும் உண்டா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் வயதுக்கும் அந்தப் பள்ளத்துக்கும் தொடர்பில்லை. சில வாரங்களாகவே என் வலக்கைக் கட்டைவிரலைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருந்தேன். உங்கள் கடிதம் வந்ததும் எழுதிவிடுவது என்று முடிவு செய்தேன்.

எனக்கு ‘சூப்பர் மரியோ பிரதர்ஸ்’ விளையாடக் கற்றுக்கொடுத்தவர் என் அண்ணன். 1985இல் வெளிவந்த அந்த விளையாட்டில் வலக்கைக்கு இரண்டே பொத்தான்கள்: ஒன்று ஓட, இன்னொன்று குதிக்க. ஓடும் பொத்தானை அழுத்தியபடியே குதித்தால்தான் அகலமான பள்ளங்களைத் தாண்ட முடியும். நான் ஓடும் பொத்தானிலிருந்து விரலை எடுத்துக் குதிக்கும் பொத்தானுக்குக் கொண்டுபோவேன். அதற்குள் வேகம் குறைந்து, மரியோ பள்ளத்தின் எதிர்க்கரையில் இடித்துக்கொண்டு உள்ளே விழுவார். ஒருநாள் அண்ணன் என் பின்னால் உட்கார்ந்து, என் கட்டைவிரல்மேல் தன் கட்டைவிரலை வைத்து அழுத்தினார். நுனி ஓடும் பொத்தானிலேயே இருந்தது. விரலை எடுக்கவே இல்லை. இலேசாகச் சாய்த்தார், கணுப்பக்கம் குதிக்கும் பொத்தானில் பதிந்தது. “நுனியால ஓடு, கணுவால குதி” என்றார். அந்தச் சாய்வு கைக்கு வந்த நாளில் எனக்குக் கிடைத்த மகிழ்ச்சியைப் பின்னாளில் எந்தத் தேர்வு முடிவும் எனக்குத் தந்ததில்லை.

இப்போது உங்கள் பதினோரு மரணங்களுக்கு வருகிறேன். உங்கள் விரலும் அந்தச் சாய்வை மறக்கவில்லை, கண்ணாடிமேல் அதையேதான் செய்துகொண்டிருக்கிறது. ஆனால் தொடுதிரைக்குச் சாய்வு புரியாது. உங்கள் கட்டைவிரல் எவ்வளவு பரப்பில் பதிந்தாலும், திரை அந்தப் பரப்பின் நடுவைக் கணக்கிட்டு அதை ஒரே ஒரு தொடுகையாகத்தான் விளையாட்டுக்குச் சொல்லும். பெரும்பாலான விளையாட்டுகள் அந்த ஒற்றைப் புள்ளியை மட்டுமே பார்க்கின்றன. புள்ளி ஓடும் பொத்தானுக்குள் இருந்தால் ஓட்டம் மட்டும் நடக்கும். சாய்த்ததில் அது குதிக்கும் பொத்தானுக்குள் நகர்ந்தால் ஓட்டம் அறுந்து குதி மட்டும் நடக்கும். இரண்டு பொத்தான்களையும் ஒரே விரல் ஒரே நேரத்தில் அழுத்துவது என்ற செயலே அங்கே இல்லை. அழுத்தும் நேரத்தைப் பொறுத்துக் குதியின் உயரம் கூடும், குறையும் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்: நொடிக்கு அறுபது முறை படம் மாறும் விளையாட்டில், விரல் எல்லையைத் தாண்டி வழுக்கிய அந்தக் கணமே குதி பாதியில் வெட்டுப்படும். உங்களைப் பள்ளத்தில் தள்ளிக் கொன்றது வயது என்று நினைத்து நீங்கள் வருந்தியிருக்கிறீர்கள். திரையில் இரண்டு வட்டங்களை வரைந்துவிட்டு வேலை முடிந்தது என்று எழுந்து போனவர்தான் கொன்றார்.

இதற்குத் தீர்வு இல்லாமலும் இல்லை. இரண்டு வட்டங்களுக்கும் இடையில் ஒரு பட்டையை ஒதுக்கி, புள்ளி அங்கே விழுந்தால் இரண்டும் அழுந்தியதாகக் கொள்ளலாம். அப்படிச் செய்தவர்கள் இருக்கிறார்கள். திசையைக் கவனிக்கும் இடக்கைப் பக்கத்துக்கும் இதுவே பொருந்தும். 1982இல் கையடக்க ‘டாங்கி காங்’ விளையாட்டுக்காக, மரியோவைத் தந்த நின்டெண்டோ நிறுவனத்தின் குன்பெய் யோகோய் வடிவமைத்த கூட்டல் குறிப் பொத்தானுக்கு மேடும் விளிம்பும் உண்டு. விரல் எங்கே இருக்கிறது என்பதை விரலே அறிந்துகொள்ளும், கண் ஆட்டத்தில் இருக்கலாம். கண்ணாடிக்கு விளிம்பு இல்லை என்பதால், விரல் எங்கே வந்து பதிகிறதோ அந்த இடத்தையே நடுவாகக் கொள்ளும்படி நிரலை எழுத வேண்டும். இதெல்லாம் யாரோ ஒருவர் உட்கார்ந்து, தாமே நூறு முறை பள்ளத்தில் விழுந்து பார்த்துச் செய்ய வேண்டிய வேலை.

அப்படிச் செய்தவர்களுக்குத்தான் விலை என்று நான் சொல்கிறேன். கிறிஸ்டியன் வைட்ஹெட் என்ற ரசிகர் 2009இல், சோனிக் என்ற நீல முள்ளெலி ஓடிக் குதிக்கும் ‘சோனிக் சிடி’ விளையாட்டைத் தாமே ஐபோனில் ஓடவைத்துக் காட்டினார். அது 2011இல் முறைப்படி வெளிவந்தது. தொடர்ந்து 1991இன் முதல் சோனிக்கை அவரும் சைமன் தாம்லியும் கைபேசிக்காகப் புதிதாகக் கட்டியெழுப்பி 2013இல் கொடுத்தார்கள். அகலத் திரைக்கு ஏற்ப ஆட்டக் களம் விரிந்தது. சோனிக்குக்கு இயல்பிலேயே திசையும் குதியும் மட்டும் போதும் என்பதால் அவனைக் கண்ணாடி அவ்வளவாகக் கொல்வதில்லை. 2016 டிசம்பரில் வந்த ‘சூப்பர் மரியோ ரன்’ இன்னொரு வழியில் போனது: மரியோ தானாக ஓடுவார், சிறு தடைகளைத் தானே தாவிக் கடப்பார், குதி மட்டும் உங்களுடையது, நீண்ட நேரம் தொட்டால் உயரமாகக் குதிப்பார். அதாவது நுனியின் வேலையை நிரலே எடுத்துக்கொண்டு கணுவின் வேலையை மட்டும் நமக்கு விட்டுவைத்தது. முதல் சில கட்டங்கள் இலவசம், முழுவதற்கும் ஒரே முறை பத்து டாலர், அதற்குமேல் உள்ளே ஒன்றும் விற்கவில்லை. அதற்கு என்ன நடந்தது? உங்களைப் போன்றவர்கள் திரண்டு வந்து, விலைக்காகவே ஒற்றை நட்சத்திரம் கொடுத்தார்கள். இருபது கோடிக்கும் மேற்பட்ட தரவிறக்கங்களுக்குப் பிறகும் எதிர்பார்த்த இலாபம் வரவில்லை என்று நின்டெண்டோ சொல்ல வேண்டியதாயிற்று.

நண்பரே, உங்கள்மேல் எனக்குக் கோபம் வருவது இந்த இடத்தில்தான். நீங்கள் வாங்கிய விளையாட்டில் பொத்தான்கள் சரியில்லை. அதை எழுதி ஒற்றை நட்சத்திரம் கொடுத்திருந்தால் நான் உங்களுக்குக் கைகொடுத்திருப்பேன். விலை வைத்ததற்காகக் கொடுத்தீர்கள். அதைப் படிக்கும் தயாரிப்பாளர் பொத்தானைத் திருத்துவாரா, விலையை எடுத்துவிட்டு விளம்பரத்தைப் போடுவாரா? விளம்பரம் எப்போது வருகிறது என்று கவனித்திருக்கிறீர்களா? பெரும்பாலும் நீங்கள் செத்ததும் வருகிறது. சாவுக்குச் சாவு விளம்பரம் காட்டிக் காசு பார்ப்பவருக்கு, உங்கள் விரல் வழுக்குவது திருத்த வேண்டிய பிழையாக எப்படித் தெரியும்? அது அவருடைய வருமானம். நாணயம் போட்டு ஆடும் கடை இயந்திரங்களும் ஒரு காலத்தில் நம்மைக் கொன்றுதான் பிழைத்தன. ஒரே முறை விலை கொடுத்து வீட்டுக்கு வாங்கிவந்த கேசட்டில்தான், ஆட்டக்காரன் நெடுநேரம் உயிரோடு இருப்பது தயாரிப்பாளருக்கு நட்டமில்லை என்ற நிலை வந்தது. அந்த நிலையைத்தான் நீங்கள் பகல் கொள்ளை என்கிறீர்கள்.

முப்பது ஆண்டுப் பழைய சரக்கு என்ற சொல்லும் தவறு. 2017இல் ஐபோனின் இயங்குதளமான ஐஓஎஸ் 11 வந்தபோது, 32 பிட் என்ற பழைய முறையில் எழுதிய செயலிகள் ஒட்டுமொத்தமாக நின்றுபோயின. காசு கொடுத்து வாங்கியவையும், திருத்தி எழுத ஆள் இல்லாதவை என்றால், போனவை போனவைதான். பழைய விளையாட்டு புதிய கைபேசியில் ஓடுகிறது என்றால் யாரோ அதற்கு இன்றும் உழைத்துக்கொண்டிருக்கிறார் என்று பொருள்.

தனியாகப் பொத்தான்கள் உள்ள ஒரு கன்ட்ரோலர் வாங்கி இணைத்தால் தீராதா என்று சிலர் கேட்பார்கள். தீரும், ஆனால் பையில் அதையும் சுமக்க வேண்டுமென்றால் கைபேசியில் எதற்கு விளையாடுவது? எதை வாங்கலாம் என்றால், ஒரு குதிப் பொத்தானோடு முடிகிற விளையாட்டுகளிலிருந்து தொடங்குங்கள். பொத்தான்களை இடம் மாற்றவும் பெரிதாக்கவும் அமைப்பில் வழி இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

கடைசியாக உங்கள் மகள். கைபேசியை மேசைமேல் வைத்து அவள் எப்படித் தாண்டுகிறாள் என்று நீங்கள் கூர்ந்து கவனிக்கவே இல்லை. அவளுடைய சுட்டுவிரல் ஓடும் பொத்தானில் கிடக்கும். நடுவிரல் குதிக்கும் பொத்தானில் இறங்கும். இரண்டு விரல், இரண்டு புள்ளி. என் அண்ணன் எனக்குச் சொல்லிக்கொடுத்ததை அவள் யாரும் சொல்லாமலே கண்ணாடிக்கு ஏற்றபடி கண்டுபிடித்திருக்கிறாள், நீங்கள் அதட்டியிருக்கிறீர்கள். இன்று மாலை அவள் பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் விரல்மேல் அவள் விரலை வைத்து அழுத்தச் சொல்லுங்கள்.