பின் டிரம்மில் வழிவது கியர் பாக்ஸ் ஆயில்

கேள்வி: பெங்களூர் அல்சூரில் இருக்கிறேன். தாத்தா வாங்கிய 1951 செவ்ரோலே 3100 பிக்கப்பை ஓட்டும் நிலைக்குக் கொண்டுவந்திருக்கிறேன். பின் சக்கரங்களின் பிரேக் டிரம் இரண்டிலும் ஆயில் கசிகிறது. வீல் சீல் இரண்டு தடவை மாற்றியும் மூன்றே மாதத்தில் பழைய கதை. கிளட்ச் விடும்போது அடியில் 'டக்' என்று சத்தம் வேறு. மெக்கானிக் டிஃபரன்ஷியலை (பின் ஆக்ஸில் நடுவிலுள்ள பல்சக்கரப் பெட்டியை) பிரிக்கச் சொல்கிறார். பிரிக்கலாமா?

பதில்: பொறுங்கள். வண்டியைச் சமதளத்தில் நிறுத்தி, முதலில் டிஃபரன்ஷியலின் ஃபில்லர் பிளக்கை, அதாவது ஆயில் ஊற்றும் துளையின் மூடியை, திறந்து பாருங்கள். ஆயில் தானாகக் கொட்டினால், அடுத்து கியர் பாக்ஸ் பிளக். அங்கே விரலை விட்டாலும் ஆயில் எட்டவில்லையா? அப்படியென்றால் வீல் சீல் மேல் பழி போடாதீர்கள்.

1954 வரை வந்த இந்த பிக்கப்களில் கியர் பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் ப்ரொப்பல்லர் ஷாஃப்ட் வெளியே தெரியாது. டார்க் ட்யூப் என்ற குழாய்க்குள் சுற்றும். குழாயின் முன்முனையில் ஷாஃப்டைத் தாங்க ஒரு புஷ் (உலோக வளையம்), அதை ஒட்டி ஒரு ஆயில் சீல். ஷாஃப்ட் முனையிலுள்ள யூ ஜாயின்ட் என்ற மடங்கும் மூட்டுக்கும் புஷ்ஷுக்கும் கியர் பாக்ஸ் ஆயில்தான் உயவு. புஷ் தேய்ந்தால் ஷாஃப்ட் ஆடும். ஆடுகிற ஷாஃப்ட்டை சீலின் உதடு எவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருக்கும்? ஆயில் குழாய்வழியே பின்னால் போய் டிஃபரன்ஷியலை நிரப்பி, கடைசியில் ஆக்ஸில் முனைகளில் வழிகிறது. ஆக்ஸிலின் மூச்சுத் துளை அடைத்திருந்தாலும் இப்படி வழியும் என்பதால், முதல் வேலையாக அதைக் குத்திச் சுத்தம் செய்துவிடுங்கள். காசில்லாத வேலை.

சீலை மட்டும் மாற்றினால் போதும் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள். புஷ், சீல் இரண்டும் சேர்ந்தேதான் மாற வேண்டும். இந்த வேலைக்காகப் பின்பக்க ஆக்ஸிலை ஸ்பிரிங், பிரேக் பைப், ஹேண்ட் பிரேக் கேபிளிலிருந்து விடுவித்துப் பின்னால் உருட்ட வேண்டும். இருவர் ஒரு நாள் பார்க்கிற வேலை.

பம்பாய் சிவ்ரியில் பூட்டிய வண்டியோ, கப்பலில் வந்ததோ, அளவெல்லாம் அங்குலம்தான். உதிரிபாகக் கடைகள் இருக்கும் ஜே.சி. ரோட்டில் 'கிட்டத்தட்ட இதே சைஸ்' என்று மில்லிமீட்டர் சீலை நீட்டுவார்கள். வாங்காதீர்கள். புஷ் கிடைக்காவிட்டால் நல்ல லேத் பட்டறையில் கன்மெட்டல் என்ற வெண்கல வகையில் கடையச் சொல்லலாம். ஆனால் பழைய புஷ்ஷின் உள்ளளவைக் கொடுத்துவிடாதீர்கள், அதுதானே தேய்ந்துபோனது! ஷாஃப்டில் தேயாத இடத்தை மைக்ரோமீட்டரில் அளந்து கொடுங்கள். புஷ்ஷை அடித்து இறக்கியதும் அதன் துளை கொஞ்சம் சுருங்கும். அதனால் உள்ளே இறக்கிய பிறகே ரீமரால் துளையைச் சீவி, ஓர் அங்குல விட்டத்துக்கு ஒன்று, ஒன்றரை தௌ (தௌ என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) இடைவெளி விட வேண்டும். பழைய புஷ்ஷில் ஆயில் துளையோ பள்ளமோ இருந்தால் புதியதிலும் அதே இடத்தில் வர வேண்டும்.

சீலின் உதடு ஆயில் இருக்கும் பக்கம் பார்க்கட்டும். ஷாஃப்டில் அந்த உதடு உரசும் இடத்தில் நகம் மாட்டுகிற அளவு வரிப்பள்ளம் இருந்தால், இடம் இருக்கிற பட்சத்தில் சீலைக் கொஞ்சம் தள்ளி இறக்குங்கள். இல்லையென்றால் ஷாஃப்டுக்கு மேலே மெல்லிய உறை மாதிரி ஸ்லீவ் போட வேண்டியதுதான்.

அந்த 'டக்' சத்தம் பெரும்பாலும் யூ ஜாயின்ட் நடுவிலுள்ள சிலுவைத் துண்டான கிராஸ் தேய்ந்ததால் வருவது. எல்லாம் கழன்று கிடக்கும்போதே அதையும் ஆட்டிப் பார்த்துவிடுங்கள். டார்க் ட்யூபின் முன்முனையிலுள்ள உருண்டை மூட்டைத் திரும்ப மாட்டும்போது இடைவெளி சரிசெய்யும் காகித ஷிம்களைக் கூட்டிக் குறைத்து, இறுகாமலும் ஆடாமலும் கையால் அசைகிற அளவுக்கு வையுங்கள்.

ஆயில் குடித்த பிரேக் லைனிங்கைப் பெட்ரோல் ஊற்றிக் கொளுத்திக் காயவைக்கும் பழக்கம் சில பட்டறைகளில் உண்டு. வேண்டாம், புது லைனிங் ஒட்டுங்கள். பழையதில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், தூசியைக் காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்கச் சொல்லுங்கள்.

டிஃபரன்ஷியலில் இரண்டு ஆயிலும் கலந்திருக்கும், முழுக்க வடித்துவிட்டுப் புதிது ஊற்றுங்கள். கியர் பாக்ஸுக்கு 90 எண் கியர் ஆயில், டப்பாவில் ஜிஎல்-4 என்று போட்ட வகை. ஜிஎல்-5 போட்டால் உள்ளே இருக்கும் பித்தளை வளையங்களை அரிக்கக்கூடும். இருநூறு கிலோமீட்டர் ஓட்டிவிட்டு அதே இரண்டு பிளக்கையும் மறுபடி திறந்து மட்டம் பாருங்கள்.