நிக்கல் கொலத்தில் கை வைக்க முன்

தங்கச்சி, பரந்தனிலிருந்து ஜேர்மனிக்கு வெளிக்கிட முன் மூன்று விசயம் கேட்டிருந்தீர்: குளிர் உடுப்பு, அறை வாடகை, ஹிஸ்டிடின் வால் போட்ட புரதத்தை நிக்கல் கொலத்தில் பிரிக்கிறது. உடுப்புக்கும் அறைக்கும் புத்தி சொல்ல எங்கட ஆக்கள் நிறைய இருக்கினம். கொலத்தைப் பற்றித்தான் ஒருத்தரும் வாய் திறக்கிறதில்லை. கொலம் என்றது நிக்கல் ஏற்றின ரெசின் மணிகள் நிரப்பின குழாய். புரதத்தின் ஹிஸ்டிடின் வால் அந்த நிக்கலில் ஒட்டும், மற்றதுகள் கழுவுப்பட்டுப் போகும்.

கிளிநொச்சி அறிவியல் நகர் வளாகத்தில் டி.என்.ஏ பிரிக்கேக்கை கரைசலுக்கெல்லாம், உலோகத்தைப் பிடிக்கிற ஈ.டி.டி.ஏ போட்டுப் பழகின கை உம்முடையது. அந்தப் பழக்கத்தை இங்கே கொண்டுவராதேயும். ஈ.டி.டி.ஏ நிக்கலைப் பிடுங்கிக்கொண்டு போகும், நீல ரெசின் வெள்ளையாகும். புரதத்தை வெட்டுகிற புரோட்டியேஸ் நொதியைத் தடுக்கிற மாத்திரைகள் சிலதிலும் அது இருக்கு. பெட்டியை வாசித்து, இல்லாததை எடும். தாழ்த்தும் பொருளான டி.டி.டி போட்டால் நிக்கல் தாழ்த்தப்பட்டு ரெசின் மண்ணிறமாகும். தாழ்த்தும் பொருள் கட்டாயம் தேவையென்றால் பீட்டா-மெர்கப்டோஎதனோல் சில மில்லிமோலார் போதும்.

கரைசல்: 50 மில்லிமோலார் சோடியம் பொஸ்பேற், 300 மில்லிமோலார் உப்பு, பி.எச் 8. நிக்கலில் வாலின் இடத்தைப் பிடிக்கிற இமிடசோல், புரதத்தை ஒட்ட வைக்க 10, கழுவ 20, இறக்க 250 மில்லிமோலார். இமிடசோல் காரம், போட்ட பிறகுதான் பி.எச் சரிபார்க்க வேணும். அது 280 நானோமீற்றரில் ஒளியையும் உறிஞ்சும், ஆகவே புரதம் அளக்கேக்கை இறக்கப் பாவித்த அதே கரைசலை, புரதமில்லாமல், வெற்று மாதிரியாக வையும்.

ரெசின் கூடப் போட்டால் நல்லது என்று சீனியர்மார் சொல்லுவினம். சுத்தப் பிழை. 1 மில்லிலீற்றரே பல மில்லிகிராம் பிடிக்கும். இடம் மிஞ்சினால், பயிரில்லாத வயலில் கோரை மண்டுகிற மாதிரி உம்மட புரதத்தைச் செய்கிற ஈ.கோலை பக்டீரியாவின் ஸ்லை-டி போன்ற சொந்தப் புரதங்கள் வந்து ஒட்டும்.

ஒட்டாமல் கடந்து வந்த திரவத்தை ஜெல் ஓட்டிப் பார்க்கும் மட்டும் ஊற்றிவிடாதேயும். புரதம் அதில் நின்றால், வால் மடிப்புக்குள் மறைந்திருக்கலாம். கொஞ்சத்தை, மடிப்பை அவிழ்க்கிற 8 மோலார் யூரியாவில் கரைத்து ஒட்டிப் பாரும். அப்போது ஒட்டினால் வாலை மற்ற முனைக்கு மாற்ற வேணும். பக்டீரியாவை உடைத்துச் சுழற்றின பிறகு புரதம் கரையாமல் அடிமண்டியில் கிடந்தால் கொலத்தில் குற்றமில்லை, புரத உற்பத்தியைத் தொடக்கிற ஐ.பி.டி.ஜி போட்ட பின் பக்டீரியாவை 18 பாகையில் வளர்த்துப் பாரும்.

கேட்டால் குறைவாக நினைப்பினம் என்று எங்கட பிள்ளையள் பேசாமல் இருக்கினம். கேட்கிறவரைத்தான் இங்கே மதிப்பினம்.

பொருளை வீணாக்காத வன்னிப் பழக்கத்தை மட்டும் விடாதேயும். வெள்ளையான ரெசினை எறியத் தேவையில்லை. 100 மில்லிமோலார் ஈ.டி.டி.ஏயால் மிச்ச நிக்கலையும் எடுத்து, தண்ணீரால் நன்றாகக் கழுவி, 100 மில்லிமோலார் நிக்கல் சல்பேற் விட்டால் நீலம் திரும்பும். திரும்பக் கழுவி, 20 வீத எதனோலில், 4 பாகையில், காயவிடாமல் வையும். நிக்கல் புற்றுநோய் தரும் பொருள். கையுறையோடு தொடும், கழிவை சிங்கில் ஊற்றாமல் பார உலோகப் போத்தலில் சேரும்.