மூன்று வட்டியும் அம்மாவின் நகையும் (கடிதம்)

அன்புள்ள ஐயா,

எனக்கு 26 வயது. பெருந்துறையில் ஓர் ஆலையில் வேலை, சம்பளம் 24,000 ரூபாய். 2021-இல் அக்காவின் கல்யாணத்துக்கு வாங்கிய கடன் இன்னும் அடையவில்லை. அம்மாவின் ஆறு சவரன் நகை ஒன்றரை லட்சத்துக்கு வங்கியில் இருக்கிறது. ஒன்பது சதவீத வட்டி. வருடந்தோறும் கட்டிப் புதுப்பிக்கிறோம். வெளியில் இரண்டு லட்சம், மூன்று வட்டி. 'அம்மா வெறுங்கழுத்தோடு விசேஷங்களுக்குப் போகிறாள், முதலில் நகையை மீட்டுவிடு' என்கிறார் அப்பா. சிக்கனமாகத்தான் இருக்கிறோம். அம்மா பால் வாங்குவதைக்கூடப் பாதியாகக் குறைத்துவிட்டார். ஆனாலும் மளிகைக்கடை நோட்டில் பாக்கி ஏறிக்கொண்டே போகிறது. எதை முதலில் அடைப்பது?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள நண்பருக்கு,

மூன்று வட்டியைத்தான். அதில் இரண்டாம் யோசனை வேண்டாம்.

நூற்றுக்கு மாதம் மூன்று ரூபாய் என்றால் வருடத்துக்கு 36 சதவீதம். மாதம் 6,000 ரூபாய், உங்கள் சம்பளத்தில் கால் பங்கு, வட்டிக்கே போகிறது. இத்தனை ஆண்டுகளில் வாங்கிய அசலைவிட அதிகமாக வட்டி கட்டியாகிவிட்டது; அசல் அப்படியே நிற்கிறது. வங்கியில் இருக்கும் நகைக்கோ மாதம் 1,125 ரூபாய்தான். அப்பாவின் மனக்கஷ்டம் எனக்குப் புரிகிறது. ஆனால் உங்கள் வீட்டைக் கரைப்பது அந்த நகைக்கடன் இல்லை.

அந்த நகையே உங்களுக்கு இப்போது உதவும். நீங்கள் அடகு வைத்தபோது தங்கம் கிராம் ஐயாயிரத்துக்கும் கீழே இருந்தது. 2025-இல் ஒன்பதாயிரத்தைத் தாண்டியது. வங்கிகள் மதிப்பில் ஏறத்தாழ முக்கால் பங்குவரை கடன் தருகின்றன. அதே ஆறு சவரனைத் திருப்பி வைத்தால் மேற்கொண்டு ஒன்றரை லட்சமாவது கிடைக்கும். அதை அப்படியே மூன்று வட்டிக்காரரிடம் கட்டுங்கள். வெளியில் ஐம்பதாயிரம்தான் மிஞ்சும். 6,000 கட்டிய இடத்தில், கூடுதல் நகைக்கடனுக்கும் சேர்த்து 2,625 ரூபாய் வட்டி. மிச்சமாகும் பணம் மாதாமாதம் அசலுக்குப் போகட்டும். ஒன்றில் மட்டும் கவனம் வேண்டும்: நகைக்கடனின் தவணை தேதியைத் தவறவிடாதீர்கள். தவறினால் நகை ஏலத்துக்குப் போய்விடும்.

கடன் கொடுத்தவர் மிரட்டினால், தமிழ்நாட்டில் 2003 முதல் கந்துவட்டித் தடைச் சட்டம் இருக்கிறது என்பது உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும்.

இனி சிக்கனம். உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் வருத்தியது அம்மா பாலைக் குறைத்தார் என்ற வரி. நம் வீடுகளில் சிக்கனம் என்றாலே முதலில் சுருங்குவது பெண்களின் தட்டுதான். அதில் மாதம் எவ்வளவு மிஞ்சிவிடப்போகிறது? பாலைத் திரும்ப வாங்கச் சொல்லுங்கள்.

பணம் ஒழுகும் இடங்கள் வேறு. மளிகைக்கடை நோட்டு ஒன்று. கடனுக்கு வாங்கும்போது யாரும் விலை கேட்பதில்லை. பையன் போய் 'எழுதிக்கொள்ளுங்கள்' என்று சொல்லிவிட்டு ஷாம்பூவும் பிஸ்கட்டும் சேர்த்து எடுத்து வருவான். பாக்கியை இரண்டு மூன்று மாதங்களில் தீர்த்துவிட்டு, சம்பளம் வந்ததும் பட்டியல் போட்டு ரொக்கத்துக்கு வாங்குங்கள். இன்னொன்று மொய். அக்கா கல்யாணத்து மொய் நோட்டை எடுத்துப் பாருங்கள். நமக்குச் செய்தவர்களுக்குத் திருப்பிச் செய்வது கடமை, அதைக் குறைக்கச் சொல்லமாட்டேன். நோட்டில் இல்லாதவர்களின் விசேஷத்துக்கு நேரில் போய் வாழ்த்தினால் போதும். தவணையில் புதுப்பொருள் எதுவும் இந்தக் கடன் தீரும்வரை வேண்டாம். வட்டியில்லாத் தவணை என்று விளம்பரம் செய்தாலும் வேண்டாம்.

இந்தக் கணக்கை நீங்கள் மட்டும் தனியாகப் போடாதீர்கள். அப்பா, அம்மா இருவரையும் உட்காரவைத்து ஒரே தாளில் எல்லாக் கடனையும் எழுதுங்கள். அப்பாக்கள் சொல்லாமல் வைத்திருக்கும் கைமாற்று ஒன்றிரண்டு அப்போதுதான் வெளியே வரும். வந்தால் கோபப்படாதீர்கள். மகளின் கல்யாணத்துக்காக வாங்கியவர் அவர்.

வட்டிக்காரரிடம் அப்பாவே பணத்தைக் கொண்டுபோகட்டும், நீங்கள் உடன் போங்கள். ஒன்றரை லட்சத்துக்கு அன்றே கையெழுத்திட்ட ரசீது வாங்குங்கள். மீதி ஐம்பதாயிரம் தீரும் நாளில் புரோநோட்டைக் கையில் வாங்காமல் அங்கிருந்து கிளம்பாதீர்கள்.