ஜனவரியில் டூர், மார்ச்சில் பிளஸ் டூ

கேள்வி: ஏற்காட்டில் இருக்கிறோம். மகளுக்குப் பதினேழரை வயது. சேலத்தில் தினமும் போய்வந்து பிளஸ் டூ படிக்கிறாள், மாநிலப் பாடத்திட்டம், சயின்ஸ் குரூப். கிரிக்கெட்டில் வேகப்பந்து வீசுவாள். 19 வயதுக்குட்பட்டோருக்கான இந்திய அணியின் உத்தேசப் பட்டியலில் பெயர் வந்திருக்கிறது. ஜனவரிக் கடைசியில் வெளிநாட்டுத் தொடர். பள்ளியை நிறுத்திவிட்டுப் பிறகு தனித்தேர்வராக எழுதட்டும் என்கிறார்கள் உறவினர்கள். என்ன செய்வது?
- ஒரு தாய், ஏற்காடு

பதில்: நிறுத்தாதீர்கள் அம்மா. பள்ளி கைவிட்டுப் போனால் செய்முறைத் தேர்வுக்கு ஆய்வகம் தேடி அலைய வேண்டியிருக்கும்.

எல்லோரும் மார்ச் பரீட்சையை நினைத்துத்தான் பயப்படுகிறார்கள். இடிப்பது பிப்ரவரி. 19 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான 2025 உலகக் கோப்பையின் இறுதியாட்டம் கோலாலம்பூரில் பிப்ரவரி 2-ம் தேதி நடந்தது. இங்கே செய்முறைத் தேர்வு தொடங்கும் நேரம் அது. இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70, செய்முறை 20, அகமதிப்பீடு 10. அந்த 20-ஐ எழுத்துத் தேர்வில் ஈடுகட்ட முடியாது. செய்முறையை அணி அணியாகப் பிரித்துத்தான் நடத்துவார்கள். டிசம்பரிலேயே தலைமையாசிரியரைப் பார்த்து, மகளைக் கடைசி அணியில் போடச் சொல்லுங்கள்.

அடுத்தது வருகைப்பதிவு. பி.டி. சாரிடம் வாயால் சொல்லிவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். வகுப்பாசிரியர் ஆப்சென்ட் போட்டுக்கொண்டே வருவார். ஜனவரியில் பார்த்தால் 75 சதவீதம் இருக்காது. ஒவ்வொரு முகாமுக்கும் தேர்வுக் கடிதத்தின் நகலோடு, பயண நாட்களையும் சேர்த்து, 'ஆன் டியூட்டி' கேட்டு விண்ணப்பம் கொடுங்கள். அலுவலக முத்திரை போட்ட பிரதி உங்கள் கையில் இருக்கட்டும்.

பாஸ்போர்ட்டை இன்றே எடுத்துப் பாருங்கள். சிறுவயதில் எடுத்தது என்றால் ஐந்து ஆண்டிலோ 18 வயதிலோ, எது முந்தி வருகிறதோ அப்போது காலாவதியாகும். பல நாடுகள் குறைந்தது ஆறு மாதம் செல்லுபடி கேட்கும். 15 வயது தாண்டியதால் பத்தாண்டுப் பாஸ்போர்ட்டுக்கே விண்ணப்பிக்கலாம்.

டூரில் சாயங்காலம் படிக்கலாம் என்று கணக்குப் போடாதீர்கள். வலைப்பயிற்சி, மீட்டிங், பயணம் எல்லாம் அதைத் தின்றுவிடும். காலையில் 45 நிமிடம், கணக்கு மட்டும், நோட்டில் போட்டுப் பார்க்கட்டும். கைவிட்டால் மறப்பது அதுதான். தமிழும் ஆங்கிலமும் திரும்பி வந்து பார்த்துக்கொள்ளலாம். பெட்டி நிறையப் புத்தகம் கொண்டுபோனால் திறக்காமலேதான் திரும்பி வரும்.

பரீட்சை நெருங்கும்போது பந்துவீச்சை அடியோடு நிறுத்துவது பெரிய தப்பு. மூன்று வாரம் சும்மா இருந்துவிட்டு, முடிந்த மறுநாளே முழு வேகத்தில் ஓடிவந்தால் அடி வாங்குவது இடுப்பு. இந்த வயதில் முதுகெலும்பின் அடிப்பகுதி இன்னும் முழுதாக உறுதிப்பட்டிருக்காது. வாரம் இரண்டு நாள், நாளுக்கு மூன்று நான்கு ஓவர் போதும். பிறகு மூன்று நான்கு வாரத்தில் படிப்படியாக ஏற்றலாம். பின்னால் வளையும்போது இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் வலித்தால் தைலம் தேய்த்துச் சமாளிக்காமல் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள்.

மலைக்குளிரில் இருமல் வரத்தான் செய்யும். கடை மருந்து வாங்கிக் கொடுக்காதீர்கள். இருமல் மருந்தில் இருந்த, விளையாட்டில் தடைசெய்யப்பட்ட டெர்பியூட்டலினால்தான் 2019-ல் கிரிக்கெட் வீரர் பிருத்வி ஷாவுக்கு எட்டு மாதத் தடை விழுந்தது. எந்த மருந்தானாலும் முதலில் அணி மருத்துவரைக் கேட்கட்டும்.

மார்ச்சில் ஒரு தாள் தொடரோடு மோதினால், அந்தத் தாளைத் துணைத் தேர்வில் எழுதலாம். கொஞ்சம் தள்ளிப்போனால் ஒன்றும் கெட்டுவிடாது. 15 வயதில், 2019-லேயே இந்தியாவுக்கு ஆடிய ஷஃபாலி வர்மா பன்னிரண்டாம் வகுப்பு தேறியது 2023-ல்தான்.

இன்னொன்று: தினமும் இருபது கொண்டை ஊசி வளைவு இறங்கி ஏறுவது படிப்பையும் தூக்கத்தையும் சேர்த்தே கெடுக்கும். ஜனவரிவரையாவது வாரநாட்களில் சேலத்தில் உறவினர் வீட்டிலோ விடுதியிலோ தங்கவையுங்கள்.