கேள்வி பதில்: பிறப்பு, இறப்பு, நோய்க் கணக்குகள்

கிராம சுகாதார செவிலியர்: சிசு மரண விகிதத்துக்கு ஊர் மக்கள்தொகையால்தான் வகுக்க வேண்டுமா?

வேண்டாம். முதல் பிறந்தநாளுக்கு முன் இறக்கும் அபாயம் பிறந்த குழந்தைகளுக்குத்தான், ஊர் முழுவதற்கும் அல்ல. ஓராண்டில், முதல் பிறந்தநாளுக்கு முன் இறந்த குழந்தைகள் மேலே, அதே ஆண்டில் உயிருடன் பிறந்தவர்கள் கீழே, 1,000-ஆல் பெருக்குங்கள். இறந்தே பிறந்த குழந்தை இரண்டிலும் சேராது. அதிகம் தவறு நடப்பதும் இங்கேதான். பிறந்ததும் மூச்சோ இதயத் துடிப்போ இருந்து சில நிமிடங்களில் இறந்தாலும் அது உயிருள்ள பிறப்பு, பிறகு ஒரு மரணம். இரண்டையுமே 21 நாட்களுக்குள் பதிய வேண்டும். 'இறந்து பிறந்தது' என்று எழுதிவிட்டால் விகிதம் பொய்யாக இறங்கும். எந்த விகிதத்தைப் பார்த்தாலும் கீழே இருப்பவர்கள் யார் என்று முதலில் கேளுங்கள்.

அதே செவிலியர்: எங்கள் துணை சுகாதார நிலையத்தில் இந்த ஆண்டு சிசு மரணமே இல்லை. கேரளாவை முந்திவிட்டோமா?

மகிழ்ச்சியான செய்தி, ஆனால் அப்படிச் சொல்ல முடியாது. 5,000 பேருக்கு ஆண்டில் சுமார் 70 பிறப்பு இருக்கும். ஒரு குழந்தை இறந்தால் விகிதம் 14. இன்னொன்று இறந்தால் 29. ஒன்றும் இறக்காதபோது, புள்ளியியலின் எளிய விதிப்படி 3-ஐப் பிறப்புகளால் வகுத்துப் பாருங்கள். 3/70, அதாவது ஆயிரத்துக்கு சுமார் 43 வரை உண்மையான அபாயம் இருந்தாலும் உங்கள் பூஜ்யத்தோடு அது முரண்படாது. ஐந்து ஆண்டுகளைச் சேர்த்துக் கணக்கிடுங்கள். தேர்ந்தெடுத்த ஊர்களில் பிறப்பு, இறப்பைக் கணக்கெடுக்கும் மத்திய அரசின் மாதிரிப் பதிவுத் திட்டமே தாய் இறப்பு விகிதத்தை மூன்று ஆண்டுகளைச் சேர்த்துத்தான் வெளியிடுகிறது.

பொருளியல் மாணவர்: 2020 மாதிரிப் பதிவில் ஆயிரம் பேருக்கு இறப்பு விகிதம் கேரளாவில் 7.0, பீகாரில் 5.4. அப்படியானால் பீகார்தான் ஆரோக்கியமானதா?

இல்லை. அதே ஆண்டின் சிசு மரண விகிதம் கேரளாவில் 6, பீகாரில் 27. கேரளாவில் முதியவர்கள் அதிகம், அதனால் மொத்த இறப்பு விகிதம் ஏறுகிறது. வயதைச் சமன்செய்யாமல் இரண்டையும் ஒப்பிடக் கூடாது.

இன்னொருவர்: சமன்செய்வது என்றால் எண்ணை வேண்டியபடி வளைப்பதுதானே? செத்தவர் செத்தவர்தான்.

இதற்கு முழுக் கணக்கையே போடுகிறேன். 10,000 பேர் வாழும் இரண்டு ஊர்களைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். 'அ' ஊரில் 60 வயதுக்குக் கீழே 8,000 பேர், மேலே 2,000 பேர். இறப்பு ஆயிரத்துக்கு முறையே 1, 30. ஆக 8 + 60 = 68 மரணம்; விகிதம் 6.8. 'ஆ' ஊரில் 9,000, 1,000 பேர். இறப்பு ஆயிரத்துக்கு 2, 40. ஆக 18 + 40 = 58; விகிதம் 5.8. இரு வயதுப் பிரிவிலும் 'அ' ஊரே நல்ல நிலையில் இருக்கிறது. ஆனால் மொத்த எண் தலைகீழாகச் சொல்கிறது. 'ஆ' ஊரின் வயது அமைப்பை இரண்டுக்கும் வைத்தால் 'அ' 9 + 30 = 39, அதாவது 3.9, 'ஆ' 5.8. எந்த மரணத்தையும் நான் மறைக்கவில்லை.

அவரே: 'ஆ' ஊரின் அமைப்பை எடுத்ததால்தானே அப்படி வந்தது?

நியாயமான கேள்வி. 'அ' ஊரின் அமைப்பை வைத்துப் பாருங்கள்: 'அ' 6.8; 'ஆ' 16 + 80 = 96, அதாவது 9.6. எண்கள் மாறின, வரிசை மாறவில்லை. வயதுக்கு வயது முந்தும் ஊர் மாறினால் வரிசையும் மாறலாம். அப்போது ஒரே எண்ணாகச் சுருக்காமல் வயதுவாரியாக வெளியிடுங்கள். சமன்செய்த விகிதம் ஒப்பிட மட்டும்தான். மருத்துவமனைக்கு எத்தனை படுக்கை, ஊருக்கு எவ்வளவு மயான இடம் என்று திட்டமிட மொத்த விகிதமே சரி.

மருத்துவ மாணவி: விபத்தில் இறந்த கர்ப்பிணி, தாய் இறப்பில் வருவாரா?

வரமாட்டார். கர்ப்ப காலத்திலோ கர்ப்பம் முடிந்த 42 நாட்களுக்குள்ளோ, கர்ப்பத்தால் வந்த அல்லது அதனால் முற்றிய காரணத்தால் இறந்தால் மட்டுமே. கர்ப்பத்தால் மோசமான இதய நோய் சேரும். விகிதம், ஒரு லட்சம் உயிருள்ள பிறப்புகளுக்கு.

வாசகர்: சர்க்கரை நோயாளிகள் கூடிக்கொண்டே போகிறார்கள். தடுப்புத் திட்டம் தோற்றுவிட்டதா?

அந்த எண்ணை வைத்துச் சொல்ல முடியாது. இன்று நோயோடு இருப்பவர்கள் வேறு, இந்த ஆண்டு புதிதாக நோய் வந்தவர்கள் வேறு. நல்ல சிகிச்சை கிடைத்து நீண்ட காலம் வாழ்ந்தாலே முதல் எண் ஏறும். 2004-ல் எச்.ஐ.வி.க்கு இலவச ஏ.ஆர்.டி. மருந்து வந்த பிறகு பலர் பிழைத்ததும் அப்படித்தான். தடுப்பை அளக்கப் புதிய நோயாளிகளை எண்ணுங்கள். கீழே, ஆண்டுத் தொடக்கத்தில் நோய் இல்லாதவர்கள் மட்டும்.

இரண்டு பேர்: சிசு மரணத்தை மக்கள்தொகையால் ஏன் வகுப்பதில்லை?

முதல் பதிலிலேயே இருக்கிறது. படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஒரு தந்தை: மகனின் பிறப்புச் சான்றிதழில் பெயர் தவறாக இருக்கிறது.

பிறப்பைப் பதிந்த பதிவாளரிடம் விண்ணப்பியுங்கள்.

செய்தியாளர்: எங்கள் நகராட்சியில் பதிவான மரணம் பக்கத்து ஊர்களைவிடப் பல மடங்கு. தண்ணீர்தான் காரணம் என்று எழுதலாமா?

இப்போது எழுதாதீர்கள். பிறப்பும் இறப்பும் நிகழ்ந்த இடத்தில்தான் பதிவாகின்றன. நகரில் பெரிய மருத்துவமனை இருந்தால் சுற்று வட்டாரத்து மரணமெல்லாம் அங்கே சேரும். மேலே மாவட்டம் முழுவதும் இறந்தவர்கள், கீழே நகரவாசிகள் மட்டும். பதிவில் நிரந்தர முகவரி இருக்கும். அதன்படி பிரித்த எண்ணிக்கையைக் கேட்டு வாங்கி, நகரவாசிகளின் மரணத்தை மட்டும் ஆண்டின் நடுவான ஜூலை 1 அன்றைய நகர மக்கள்தொகையால் வகுத்து, வயதையும் சமன்செய்யுங்கள். அதற்குப் பிறகும் எண் உயர்ந்து நின்றால், மரணக் காரணங்களைப் பிரித்துக்கொண்டு வாருங்கள். தண்ணீரைப் பற்றி அப்போது பேசலாம்.