அப்பாவுக்குக் கொடுத்த மாத்திரையை எனக்கு ஏன் மறுத்தார்?

கேள்வி: போன மாதம் அதிகாலை 3 மணிக்கு என் அப்பாவுக்கு நெஞ்சை அழுத்துவது போல் இருந்தது, வியர்த்துக் கொட்டியது. 66 வயது, சர்க்கரை உண்டு. அவசரப் பிரிவில் எடுத்த ஈசிஜி நார்மல். ஆனாலும் விடவில்லை, ஆஸ்பிரினை மெல்லச் சொன்னார்கள், மறுபடி ஈசிஜி, மறுபடி ரத்தப் பரிசோதனை. இரண்டாவது ரத்தப் பரிசோதனையில்தான் மாரடைப்பு என்று தெரிந்தது. ஸ்டென்ட் வைத்தார்கள், இப்போது நலம். பயந்துபோய் நானும் டாக்டரிடம் ட்ரெட்மில் டெஸ்டும் தினம் ஓர் ஆஸ்பிரினும் கேட்டேன். எனக்கு 41 வயது, எந்தத் தொந்தரவும் இல்லை. இரண்டும் வேண்டாம் என்றுவிட்டார். அங்கே நார்மல் என்று வந்தும் நம்பவில்லை, இங்கே டெஸ்டே வேண்டாம் என்கிறார்கள். ஏன் இப்படி?
– ஒரு வாசகி

பதில்: அப்பாவைப் பார்த்த அந்த டாக்டருக்கு முதலில் என் வணக்கம். அவர் செய்ததை நான் ஒருமுறை செய்யத் தவறியிருக்கிறேன்.

பயிற்சி முடித்த புதிதில் இரவுப் பணி. சர்க்கரை உள்ள ஓர் அம்மா வந்தார். நெஞ்சுவலி என்ற வார்த்தையே அவர் வாயில் வரவில்லை. “மேல்வயித்துல ஒரு மாதிரியா இருக்குங்க, தாடையை இழுக்குது” என்றார். ஈசிஜி சுத்தமாக இருந்தது. வாயுவாக இருக்கும் என்று ஊசி போட்டு அனுப்பிவிட்டேன். விடிவதற்குள் அவரை ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். இந்த முறை ஈசிஜியில் மாரடைப்பு பளிச்சென்று தெரிந்தது. பிழைத்துக்கொண்டார், ஆனால் அதன்பிறகு மாடிப்படி ஏறினாலே அவருக்கு மூச்சு வாங்கும். நாடி பார்த்தபோது அவர் கை சில்லென்று வியர்த்திருந்தது எனக்கு இன்றும் நினைவிருக்கிறது. அதைத் தொட்டுப் பார்த்தும், தாளில் இருந்த கோடுகளைத்தான் நம்பினேன்.

இதயத் தசை சேதமானால் ட்ரோபோனின் என்ற புரதம் ரத்தத்தில் கசியும். அது அளவிடும்படி ஏறச் சில மணி நேரம் ஆகலாம். வலி ஆரம்பித்த உடனே எடுத்தால் நார்மல் என்றே வரக்கூடும். ஈசிஜியும் அப்படித்தான், அந்தச் சில நொடிகளில் இதயம் எப்படி இருந்தது என்பதை மட்டும் சொல்லும். வயது, சர்க்கரை, நெஞ்சழுத்தம், வியர்வை எல்லாம் சேர்ந்து உங்கள் அப்பாவுக்கு மாரடைப்பாக இருக்க நிறைய வாய்ப்பிருந்தது. அவ்வளவு பலமான சந்தேகத்தை ஒரு நார்மல் தாள் அழித்துவிடாது. அதனால்தான் உட்காரவைத்து மறுபடி பார்த்தார்கள்.

உங்கள் விஷயத்தில் கணக்கு தலைகீழ். தொந்தரவே இல்லாத 1000 பேரில் 10 பேருக்கு இதய ரத்தக்குழாயில் அடைப்பு இருப்பதாக வைத்துக்கொள்வோம். நோயுள்ள பத்தில் ஒன்பது பேரைப் பிடிக்கிற, நோயில்லாத பத்துப் பேரில் ஒருவருக்குத் தப்பாக ‘இருக்கிறது’ என்று சொல்கிற ஒரு டெஸ்ட். 9 பேர் சரியாகப் பிடிபடுவார்கள். நன்றாக இருக்கிற 99 பேரும் கூடவே மாட்டுவார்கள். அவர்களில் சிலர் ரத்தக்குழாய்க்குள் மெல்லிய குழாய் விட்டுப் படமெடுக்கிற ஆஞ்சியோகிராம் வரை போவார்கள், அதற்கென்று சிறிய ஆபத்துகள் உண்டு. பெண்களுக்கு ட்ரெட்மில் டெஸ்ட் இப்படித் தப்பாகச் சொல்வது இன்னும் அதிகம்.

ஆஸ்பிரினுக்கு வருகிறேன். ரத்தம் உறைந்து கட்டியாவதைக் குறைக்கிற மாத்திரை அது. 1988-இல் வெளிவந்த ஐசிஸ்-2 ஆய்வில், மாரடைப்பு என்று சந்தேகிக்கப்பட்ட 17,187 பேர் இருந்தார்கள். ஆஸ்பிரின் கொடுத்தவர்களிடம் ஐந்து வாரத்தில் இதய, ரத்தக்குழாய் மரணங்கள் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு குறைந்தன. ரத்தக்கட்டி உருவாகிக்கொண்டிருக்கும் நேரத்தில் அந்த மாத்திரை உயிர் காக்கும். மென்றால் சீக்கிரம் வேலை செய்யும். 2018-இல் ஆஸ்ப்ரீ ஆய்வு, இதயநோய் இல்லாத 19,114 முதியவர்களைப் பார்த்தது. தினம் 100 மில்லிகிராம் சாப்பிட்டவர்களுக்கு இதயநோய் சொல்லும்படியாகக் குறையவில்லை. பெரிய ரத்தக்கசிவு கூடியது. நீங்கள் அவர்களைவிட இளையவர், சரிதான். ஆனால் உங்கள் வயதில் மாரடைப்பு வாய்ப்பே குறைவு என்பதால் கிடைக்கும் லாபமும் சிறியது, வயிற்றில் ரத்தம் கசியும் ஆபத்தோ கூடவே வரும். உங்கள் டாக்டர் மறுத்தது சரி.

அவரிடம் வேறு கேளுங்கள்: ரத்த அழுத்தம், கொழுப்பு, சர்க்கரை. இவை மூன்றையும் வயதோடு சேர்த்துப் போட்டால் அடுத்த பத்தாண்டுக்கான உங்கள் வாய்ப்பு ஒரு எண்ணாகக் கிடைக்கும். புகைப்பழக்கம் இருந்தால் மறைக்காமல் சொல்லுங்கள். அப்பாவுக்கு எந்த வயதில் வந்தது என்பதையும் சொல்லுங்கள். பொதுவாக ஆணுக்கு 55-க்கு முன், பெண்ணுக்கு 65-க்கு முன் வந்தால்தான் பிள்ளைகளுக்கு அதைக் கூடுதல் ஆபத்தாகக் கணக்கில் சேர்ப்போம். நடக்கும்போது நெஞ்சில் அழுத்தம், வழக்கமில்லாத மூச்சுத்திணறல் என்று ஏதாவது வந்தால் இந்தக் கணக்கு முழுக்க மாறிவிடும். அன்று டெஸ்ட் வேண்டும், உடனே வேண்டும்.

நான் எழுதியதைப் படித்துவிட்டு அப்பா ஆஸ்பிரினை நிறுத்திவிடப் போகிறார் என்று கவலையாக இருக்கிறது. ஸ்டென்ட் வைத்தவர் தானாக ஒரு வேளைகூட விடக் கூடாது. ஸ்டென்டுக்குள்ளேயே ரத்தம் உறைந்துபோகலாம். இந்தப் பத்தியை மட்டும் இன்றே அவருக்குப் படித்துக் காட்டுங்கள்.