டயல்-அப்ல இருந்து ஃபைபர் வரைக்கும் வீட்டு நெட் ஸ்பீடு நிஜமா எவ்ளோ மாறியிருக்கு?

டெலிபோன் லைன்ல டயல் பண்ணி நெட்டுக்குப் போன பழைய 56 கேபிபிஎஸ் (செகண்டுக்கு 56 ஆயிரம் பிட்) டயல்-அப் மோடத்தையும் இப்போ கண்ணாடி இழை வழியா வர்ற 100 எம்பிபிஎஸ் (செகண்டுக்கு 100 மெகாபிட்) ஃபைபரையும் எப்படி ஒப்பிடுறதுன்னு கேட்டிருக்கீங்க. கணக்குப்படி கிட்டத்தட்ட 1,800 மடங்கு வித்தியாசம். ஆனா ஒரு விஷயம், பிளான்ல போடுறது மெகாபிட், ஃபைல் சைஸ் மெகாபைட், 8 பிட் சேர்ந்தாதான் ஒரு பைட், அதனால 8ஆல வகுத்துதான் பாக்கணும். 5 மெகாபைட் பாட்டு ஒண்ணு டயல்-அப்ல இறங்க 12 நிமிஷம் ஆகும், அதுவும் லைன் முழு ஸ்பீடு குடுத்தாதான், 100 எம்பிபிஎஸ்ல அரை செகண்டு கூட ஆகாது.

நடுவுல வந்த ஏடிஎஸ்எல்ங்கிற பிராட்பேண்ட்தான் என்னைக் கேட்டா பெரிய மாற்றம், அதே டெலிபோன் செம்புக் கம்பியில குரலுக்கு மேல இருக்குற அலைவரிசையை எடுத்துக்கிட்டதால போன் பேசிக்கிட்டே நெட்டும் பாக்க முடிஞ்சுது, 8 எம்பிபிஎஸ் வரைக்கும், அப்புறம் ஏடிஎஸ்எல்2+ வந்து 24 வரைக்கும். டெலிபோன் எக்ஸ்சேஞ்ச்ல இருந்து வீடு தள்ளிப் போகப் போக ஸ்பீடு குறையும், அப்லோடு வேற 1 எம்பிபிஎஸ் பக்கம்தான். ஃபைபர்ல இந்த ரெண்டு தொல்லையும் பெருசா இல்ல.

ஆனா பிங், அதாவது ஒரு சிக்னல் சர்வருக்குப் போயிட்டு வர ஆகுற நேரம், அது மட்டும் 1,800 மடங்கெல்லாம் குறையல, குறையவும் முடியாது. கண்ணாடி இழைக்குள்ள வெளிச்சம் செகண்டுக்கு சுமார் 2 லட்சம் கிலோமீட்டர்தான் போகும், 10,000 கிலோமீட்டர் தள்ளி இருக்குற சர்வருக்குப் போயிட்டு வர குறைஞ்சது 100 மில்லிசெகண்டு ஆகும்.

ஸ்பீடு டெஸ்ட் எடுக்கும்போது வைஃபைய விட்டுட்டு லேன் கேபிள்ல எடுங்க, அப்லோடையும் பிங்கையும் சேர்த்து குறிச்சுக்கோங்க.